இறையிலிப் பட்டியலும் ஓவியத்து ஓலையும்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி இரண்டு விதமாகப் பேசிப் பழகிவிட்டோம். ஒன்று, 'நம் முன்னோர் எப்பேர்ப்பட்டவர்கள்' என்று அண்ணாந்து பார்ப்பது. மற்றது, 'கல் சுமந்தவன் பெயர் எங்கே' என்று கேட்டுவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்வது. முதலாவது மேடைப் பேச்சாகவும் திரைப்படமாகவும் பாடப்புத்தகமாகவும் ஓய்வில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது முற்போக்கானதுதான், ஆனால் சோம்பேறித்தனத்தில் முன்னதற்குச் சளைத்ததல்ல. கேள்வி கேட்டவர் பதிலைத் தேடிப் போவதில்லை. இரண்டு தரப்பும் பார்ப்பது விமானத்தின் உச்சியை. அதன் அடியில், அதிட்டானத்திலும் சுவரிலும் திருச்சுற்று மாளிகைத் தூண்களிலும் வெட்டி வைத்திருப்பதைப் படிக்க உட்காருகிறவர்கள் குறைவு. படிக்க உட்கார்ந்தால் அங்கே இருப்பது பெரும்பாலும் கணக்கு. சலிப்பூட்டும், நீண்ட, சொன்னதையே திரும்பச் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கையும், அதே கோயிலின் உள்ளே இருக்கும் ஓர் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதே இங்கு பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கோயிலை யார் கட்டியது என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நிச்சயப்பட்டிருக்கவில்லை. தலபுராணம் கரிகால் சோழனைச் சொன்னது, குட்டநோய் தீர்ந்த கதையோடு. 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்ட ஜெர்மானியர் ஹுல்ட்ஸ், வெங்கையா போன்றவர்களின் துணையோடு எழுத்துகளைப் படியெடுத்து, 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியாக 1891 முதல் வெளியிட்ட பிறகுதான் ராஜராஜன் பெயர் உறுதியாயிற்று. கட்டியவன் தன் பெயரைக் கோயிலுக்கே வைத்து, 'ராஜராஜேச்வரம்' என்று கல்லில் வெட்டியும் வைத்திருந்தான். எழுத்தின் வடிவம் மாறிப்போனது. படிக்கத் தெரிந்தவர்கள் அற்றுப்போனார்கள். எழுத்தைச் சுற்றியே வலம் வந்தவர்கள் வேறொரு ராஜாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் வருஷமாக நம் நெஞ்சில் அறுபடாமல் நிற்கும் நினைவு என்று இன்றைக்குச் சொல்லப்படுவது நூற்றிச் சொச்சம் வருஷத்து அச்சுப் புத்தகத்திலிருந்து வந்தது. இதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் எதை நினைவு என்கிறோம், எதை வாசிப்பு என்கிறோம் என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

1944இல் ஜெர்மானியர்களால் சுட்டுக்கொல்லப்பட்ட பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் ப்ளோக், முடிக்காமல் விட்டுப்போன தன் நூலில் சான்றுகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார். பின்னால் வருகிறவர்கள் படிக்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டுச் சென்றவை ஒரு வகை. யாருக்கும் சேதி சொல்லும் எண்ணமில்லாமல் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டு போனவன், போகிற போக்கில் உதிர்த்துவிட்டுப் போனவை இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் அதிகம் நம்ப வேண்டும் என்பது அவர் கட்சி. நம் கல்வெட்டுகளை வைத்துப் பார்க்கையில் ஒரு சிக்கல் வருகிறது: இரண்டும் ஒரே கல்லில், ஒரே வாக்கியத்தின் முன்பாதியிலும் பின்பாதியிலுமாக இருக்கின்றன. மெய்க்கீர்த்தி நம்மைப் பார்த்துப் பேசுகிறது. வென்ற நாடுகள், காந்தளூர்ச்சாலை, திருமகளும் நிலமகளும் என்று வரிசையாக அடுக்குகிறது. அது முடிந்த இடத்தில் யாண்டு வரும், நாள் வரும், பிறகு அதிகாரி உள்ளே நுழைவார். அவர் நம்மைப் பார்த்துப் பேசவில்லை. அவருக்கு நெல் கணக்குத் தீர வேண்டும்.

26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாள், அதாவது 1010ஐ ஒட்டி, அரசன் உத்தரவு போடுகிறான்: தான் கொடுத்தது, தமக்கை கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் விமானத்தில் கல்லிலே வெட்டவேண்டும். தமக்கை குந்தவை. பட்டியலில் அவளுக்கு அரசியருக்கும் முன்னே இடம் கிடைத்திருப்பதைக் கவனிக்கவேண்டும். உத்தரவுக்குப் பின் வருவதெல்லாம் சாமான்கள். ஆடவல்லான் என்ற எடைக்கல்லால் நிறுத்த பொன், தட்சிணமேரு விடங்கன் என்ற கல்லால் நிறுத்த நகை, முத்து எத்தனை, அதில் பழுது எத்தனை. அடேயப்பா, ஒரு முத்து தேய்ந்திருந்தால் அதையும் எழுதுகிறார்கள். செம்புத் திருமேனிகளுக்குப் பாதத்திலிருந்து கேசம் வரை எத்தனை விரல் உயரம், எத்தனை கை என்று எழுதுகிறார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட அந்தத் திருமேனிகளில் கோயிலில் இன்று மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. உருவம் போய், அதன் அளவு மட்டும் கல்லில் நிற்கிறது.

இப்போது ஊர்ப் பட்டியலுக்கு வருவோம். கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்கள் ஒவ்வொன்றையும் பற்றிய பதிவு ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். இன்ன நாட்டு இன்ன ஊர்; அளந்தபடி மொத்த நிலம் இத்தனை வேலி; அதில் இறையிலி நிலம், அதாவது வரி கட்டத் தேவையில்லாத நிலம் இத்தனை; அதை நீக்கி நின்ற நிலம் இத்தனை; அதற்குக் காணிக்கடன் நெல் இத்தனை கலம். வேலியில் 320இல் ஒன்று முந்திரி. அதற்குக் கீழே கீழ்முந்திரி, அதற்கும் கீழே கீழ் என்று கணக்கு நுணுகிக்கொண்டே போகிறது. நில அளவை நிர்வாகத்தின் பெருமைக்கு உதாரணமாக எல்லாரும் எடுத்துக்காட்டும் இடம் இது. பெருமை இருக்கட்டும். நடுவில் வரும் அந்த இறையிலியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். ஊர் இருக்கும் நத்தம், கோயில்கள், குளங்கள், நிலத்தை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் சுடுகாடு இரண்டாக வருகிறது: வெள்ளாளருக்கு ஒன்று, பறைச்சுடுகாடு என்று வேறொன்று. சில ஊர்களில் 'தீண்டாச்சேரி' என்றே வருகிறது.

அதிகாரிக்கு யார் மேலும் கோபமில்லை, இரக்கமுமில்லை. நெல் விளையாத இடத்தைக் கழித்தால்தான் விளையும் இடத்துக்குச் சரியாக வரி போடமுடியும். குளத்தைக் கழிக்கிற மாதிரி சேரியைக் கழிக்கிறார். இந்த அலட்சியம்தான் நமக்குச் சான்று. ஏனென்றால், 'சாதிக் கொடுமையெல்லாம் பின்னால் வந்தது, நாயக்கர் கொண்டுவந்தது, வெள்ளைக்காரன் மக்கள்தொகைக் கணக்கெடுத்து உண்டாக்கியது' என்ற வாதம் நம்மிடையே சாதாரணமாகச் சுற்றிவருகிறது. பின்னால் வந்த ஆட்சிகள் பலதையும் இறுக்கின, வேறு உருவம் கொடுத்தன என்பது உண்மை, அதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் பொற்காலம் என்கிறார்களே, அதன் உச்சியில், அதன் மிகப்பெரிய கோயிலின் சுவரில், தீண்டக்கூடாதவர்கள் இருக்கும் இடம் என்பது விளக்கம் தேவைப்படாத அன்றாடச் சொல்லாக நில அளவைக்காரனின் வாயில் வந்திருக்கிறது. பிணம் எரிக்கும் இடமும் பிரிந்துதான் இருக்கிறது. இதை யாரும் கண்டனம் செய்வதற்காக வெட்டவில்லை, நியாயப்படுத்துவதற்காகவும் வெட்டவில்லை. ஆகவே தள்ளிவிடுவது கஷ்டம்.

இங்கேயும் அவசரம் கூடாது. 'சேரி' என்ற சொல்லை இன்றைய பொருளில் படித்துவிட்டால் தப்பாகிவிடும். உத்தரமேரூரில் பிராமணர்கள் இருந்த பகுதிகள் சேரிகளே. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் குடவோலைத் தேர்தலின் பின்னணியில் பன்னிரண்டு சேரிகள் வருகின்றன. (ஜனநாயகத்தின் தாய்வீடு என்று அந்தக் கல்வெட்டைக் காட்டுகிறவர்கள், கால் வேலி வரி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும் என்று அதே கல்லில் இருப்பதை ஏனோ மெதுவாகப் படிக்கிறார்கள்.) தஞ்சையிலேயே ஆடல் மகளிர் குடியிருந்த இடம் தளிச்சேரி. எனவே 'சேரி' என்ற பின்னொட்டு குற்றப்பத்திரிகை ஆகாது. முன்னொட்டைப் பார்க்கவேண்டும். அதோடு, எல்லா ஊரிலும் தீண்டாச்சேரி வரவில்லை. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு போன்றவர்கள் ஊர் ஊராக, சொல் சொல்லாக எண்ணிப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்ததன் பயன் இங்கேதான். ஒரு பளிச்சென்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு சமூகத்தையே வரைந்துவிடும் பழக்கத்துக்கு அது கடிவாளம் போட்டது. பெருமை பேசுகிறவர்களுக்கு மட்டுமில்லை, நமக்கும் சேர்த்துத்தான்.

தளிச்சேரி என்றதால் அதையும் பார்த்துவிடலாம். சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 பெண்கள் தஞ்சைக்கு மாற்றப்பட்டார்கள். இன்ன சிறகு, இத்தனையாவது வீடு, இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்த நக்கன் இன்னாள் என்று வரிசையாகப் பெயர்கள். ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும் நிலம். ஒருத்தி செத்தாலோ வெளியே போனாலோ அடுத்த உறவில் தகுதியுள்ளவருக்குப் பங்கு போகும். ஆண்ட அரசியரைத் தவிர்த்தால், இவ்வளவு பெண்களின் பெயர்கள் ஒரே இடத்தில் கிடைப்பது இடைக்காலத்தில் அபூர்வம். ஆனால் பெயருக்கு அப்பால் அவர்கள் பேசுவதாக ஒரு வார்த்தை கிடையாது. 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் நடந்த சண்டையின் இரு தரப்பும் இந்த 400 பேரைத் தம் பக்கத்துச் சாட்சியாக இழுத்தன. ஒரு தரப்புக்கு அவர்கள் தெய்வீகக் கலைஞர்கள். மறுதரப்புக்கு அரசன் வாங்கிக் குவித்த அடிமைகள். லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், சோழர்காலக் கோயில் பெண்களில் பலர் தாங்களே கொடையளித்தவர்களாகக் கல்வெட்டில் வருவதையும், தஞ்சையின் இந்த மொத்த இடமாற்றம் பொதுநிலைக்கு உதாரணமாகாது என்பதையும் எடுத்துக்காட்டினார். 19ஆம் நூற்றாண்டின் தேவதாசியை 11ஆம் நூற்றாண்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்த வேலையை இரு தரப்பும் செய்திருக்கின்றன.

சரி, ஓவியம். கருவறையைச் சுற்றி இரண்டு சுவருக்கு நடுவே போகும் இருண்ட சுற்றுப்பாதையில் சோழர்கால ஓவியங்கள் இருப்பது 1931இல்தான் வெளியே தெரிந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதுவரை தெரிந்தவை மேலே இருந்த நாயக்கர்கால ஓவியங்கள். அவை பெயர்ந்த இடங்களில் அடியிலிருந்து பழையது எட்டிப்பார்த்தது. பிறகு தொல்லியல் துறையினர் மேல் அடுக்கைச் சில பகுதிகளில் பெயர்த்தெடுத்து வேறு பலகையில் ஒட்டிப் பாதுகாத்தார்கள். திறமையான வேலை, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஒன்று. சோழனைப் பார்க்க நாயக்கனை உரிக்கவேண்டியிருந்தது என்பதில் எந்தக் காலம் மூலம், எந்தக் காலம் மேல்பூச்சு என்ற முடிவு முன்னாலேயே இருக்கிறது. அந்தச் சுவருக்கு இரண்டு காலமும் உண்டு.

ஓவியங்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தாடியும் சடைமுடியுமாக ஒருவரும் அவரருகில் ஒருவரும் நிற்கும் உருவங்களை 'கருவூர்த்தேவரும் ராஜராஜனும்' என்று சொல்லி, அது காலண்டர் வரை வந்துவிட்டது. படத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. வேறு விதமாக அடையாளம் காண்பவர்களும் உண்டு. ராஜாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க நமக்கு ஆசை, அவ்வளவுதான். ஆசையில்லாமல் அடையாளம் காணக்கூடிய காட்சி ஒன்று அங்கே இருக்கிறது: சுந்தரர் கதை. வெள்ளை யானையில் சுந்தரரும் குதிரையில் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போவது. அதற்குக் கீழே, கல்யாணத்தை நிறுத்திய கிழவரின் வழக்கு. அந்தணர் சபை கூடியிருக்கிறது. கிழவர் ஒரு கையில் குடையும் மறு கையில் ஓலையுமாக நிற்கிறார். உன் பாட்டன் எனக்கு எழுதிக்கொடுத்த ஆளோலை இது, நீ என் அடிமை என்பது வழக்கு.

இந்தப் படத்தைப் பெரியபுராணத்தை வைத்து விளக்குவது வழக்கம். மணப்பந்தலில் சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிப்பதும், கிழித்தது படி, மூலம் திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்று கிழவர் சொல்வதும், பாட்டனின் கையெழுத்தை வேறொரு பழைய ஓலையோடு ஒப்பிட்டுச் சபை தீர்ப்புச் சொல்வதும் சேக்கிழாரிடம் விரிவாக வருகிறது. ஆனால் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டு, இரண்டாம் குலோத்துங்கன் காலம். ஓவியம் அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தியது. பிரதி முதலில், படம் அதன் விளக்கம் என்று நாம் பழக்கதோஷத்தில் வைக்கும் வரிசை இங்கே தலைகீழாகிறது. கதை அதற்கு முன்பே வாய்மொழியில் இருந்தது. சுந்தரரின் பாட்டிலேயே தடயம் உண்டு. அதே கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்ற அதிகாரி, நம்பி ஆரூரருக்கும் பரவைக்கும் செம்புத் திருமேனி செய்துவைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஆகவே, ஓவியனும் கொடையாளியும் ஒரே கதையின் வட்டத்துக்குள் இருந்திருக்கிறார்கள்.

பக்தன் கண்ணுக்கு இது இறைவன் ஆட்கொண்ட லீலை. நமக்கு அதில் வேறொன்றும் தட்டுப்படவேண்டும். பாட்டன் எழுதினால் பேரன் அடிமை; எழுத்து மூலம் செல்லும்; படி ஒருவரிடமும் மூலம் ஓரிடத்திலும் இருக்கும்; கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்; ஊர்ச்சபை அதற்குத் தீர்ப்புச் சொல்லும். இவ்வளவும் பார்க்கிறவனுக்குத் தெரிந்திருந்தால்தான் கதை நிற்கும். கிழவர் கேட்பது பிராமணனை அடிமையாக. அதனால்தான் சபை திகைக்கிறது. ஆளோலை என்ற ஒன்று இருப்பதைக் கண்டு யாரும் திகைக்கவில்லை. அப்படி ஒன்று நடைமுறையில் இருந்ததா என்றால், கல்வெட்டுக்குப் போகலாம். 1201இல், மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், பஞ்சத்தில் அடிபட்ட ஒரு வெள்ளாளரும் அவருடைய இரண்டு பெண்களும் திருப்பாம்புரம் கோயிலுக்குத் தங்களை 110 காசுக்கு விற்றுக்கொண்டார்கள். நிலம் வைத்திருக்கும் சாதி. பஞ்சம் வந்ததும் விலைபோயிற்று. சேரியில் இருந்தவர்களின் கதி பற்றி அந்தக் கல் பேசவில்லை. 'அடியேன்', 'ஆட்பட்டேன்' என்ற பக்திச் சொற்களை நாம் உருவகமாகப் படித்துப் பழகியிருக்கிறோம். அந்த உருவகத்துக்குப் பின்னால் ஓலையும் காசும் இருந்த ஒரு வழக்கம் கிடக்கிறது என்பதைச் சுவரும் கல்லும் சேர்ந்துதான் காட்டுகின்றன. ஓவியத்தை மட்டும் பார்த்தால் லீலை. கல்வெட்டை மட்டும் பார்த்தால் ஒரு பஞ்சகாலச் சம்பவம்.

அரசு என்னும் அமைப்பைப் பற்றிய பெரிய சண்டையிலும் இதே கற்கள்தான் இரு பக்கத்துக்கும் ஆயுதம். நீலகண்ட சாஸ்திரி இவற்றிலிருந்து வலுவான மைய அதிகாரத்தைக் கண்டார்; 1980இல் பர்ட்டன் ஸ்டைன் இதே தஞ்சையைச் சடங்கு இறைமையின் மேடையாகக் கண்டார். கோயில் பொருளை ஊர்ச்சபைகளுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டிக்குக் கொடுத்ததும், நிலத்தைக் கீழ்முந்திரி வரை அளந்ததும் வெறும் சடங்கு என்று நம்ப எனக்குச் சிரமமாக இருக்கிறது. ஆனாலும் அந்த விவாதம் ஒரு தனிக் கட்டுரை.

கடல் தாண்டி ஒரு விஷயத்தை மட்டும் விடக்கூடாது. தஞ்சைக் கோயிலுக்கு வரவு தந்த ஊர்ப் பட்டியலில் ஈழமான மும்முடிச்சோழ மண்டலத்து ஊர்களும் உண்டு. கல்லில் அவை ஊர்ப்பெயரும் அளவும்தான். சோழ நாட்டு ஊர்களுக்கும் அவற்றுக்கும் நடையில் வேறுபாடு இல்லை. அதே காலத்தைச் சூளவம்சம் எழுதும்போது, சோழப் படை ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துச் சென்றதையும் (1017, ராஜேந்திரன் காலம்) விகாரைகளின் தாதுக் கருவறைகளை உடைத்துப் பொன்னை அள்ளியதையும் சொல்கிறது. அது பிக்கு ஒருவர் நெடுநாள் கழித்து எழுதியது. விகாரைக்கு நேர்ந்த கேடு அதற்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. ஆகவே நம்பாதே என்கிறார்கள் நம் ஆட்கள். ராஜராஜன் கல்வெட்டோ, சேரனையும் பாண்டியர்களையும் மலைநாட்டில் வென்று எடுத்த பண்டாரத்திலிருந்து இந்தப் பொற்பூவும் பாத்திரமும் செய்யப்பட்டன என்று தானே பெருமையாகச் சொல்கிறது. கொள்ளைப் பொருளைக் கோயிலுக்குக் கொடுப்பதில் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. அப்படியிருக்க, ஈழத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்று எதை வைத்துச் சொல்வது? அந்தப் பக்கம், அதே சூளவம்சத்தை எடுத்துக்கொண்டு 20ஆம் நூற்றாண்டின் தமிழ்க் குடிமகனை 11ஆம் நூற்றாண்டுப் படையாளாகச் சித்திரித்தார்கள். இந்தப் பக்கம், ஈழம் வென்றதை நம் வீரம் என்று பாடினார்கள். தஞ்சைக்கு நெல் அளந்த அந்த ஈழத்து ஊர்களில் உழுதவர்கள் யார், என்ன மொழி பேசினார்கள் என்பதைக் கல்லும் சொல்லவில்லை, வம்சமும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டவை வேறு மாதிரியும் உண்டு. விமானத்தின் மேல்தளத்தில் சிவன் ஆடும் 108 கரணங்களைச் செதுக்கத் தொடங்கி 81இல் நிறுத்திவிட்டார்கள். மிச்சக் கற்கள் உளி படாமல் அப்படியே வரிசையில் இருக்கின்றன. 1014இல் அரசன் இறந்தது காரணம் என்பார்கள், இருக்கலாம். கீழே ஆடியவர்களின் பெயரெல்லாம் கல்லில் இருக்கிறது, உருவம் இல்லை. மேலே ஆடுகிறவனுக்கு உருவம் இருக்கிறது, அதுவும் முடியவில்லை.

கடைசியாக ஓலையைப் பற்றி. கல்வெட்டு எதுவும் முதலில் கல்லில் பிறக்கவில்லை. அரசன் வாய்மொழி ஓலையில் எழுதப்பட்டு, ஓலைநாயகம் ஒப்பிட்டு, வரிப்பொத்தகத்தில் ஏறி, பிறகு ஊருக்கும் கோயிலுக்கும் வந்து, அதில் எது வேண்டுமோ அது மட்டும் தச்சன் கைக்குப் போனது. இறையிலிப் பட்டியல் இருந்த வரிப்பொத்தகம் முழுசாக இருந்திருந்தால் சேரியில் எத்தனை மனை, யார் யார் என்பதுகூட இருந்திருக்கக்கூடும். அந்தப் பனையோலைகளில் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. சுந்தரர் கிழித்தது படி. மூலம் வெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருந்தது. நமக்கு மூலம் போய்விட்டது, கையில் இருப்பது கல்லில் வெட்டிய படி.